வளைகாப்புக்கு வந்த ஈரச் சேலைக்காரக

பேயி, ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன், இன்னைக்கும் சாமி ஆடுறவுகளப் பார்த்தா எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனா எம் மக உசுரோட இருக்காளே, அதுக்கு என்ன சொல்ல? நம்புனா நம்புங்க தம்பி, நம்பாட்டி காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க.

ஊருக்குள்ள டிவிப் பெட்டி வந்த புதுசு. வாடிப்பட்டியில மாமியா வீட்டுல எனக்கு ஒம்பதாம் மாச வளைகாப்பு, வில்லாபுரத்துலருந்து எங்க ஆத்தா வாடகைக் காரு பிடிச்சு ஆளுகளக் கூட்டிட்டு வந்திருந்துச்சு. முந்துன நாள்லருந்து எனக்குச் சேலை லேசா நனையுது, வலி கிலி ஒண்ணுமில்ல. மாமியாகிட்டச் சொன்னதுக்கு, நெற மாசத்துல மூத்திரம் அப்பிடித்தான் சொட்டும்னுட்டாக. நானும் சரின்னு மணையில உக்காந்துட்டேன்.

ஆளாளுக்கு வளையல் போடுறாக. செவத்தோரமாப் பாயில உக்காந்திருந்த ஒரு அக்கா எந்திரிச்சு வந்து எங்கையப் பிடிச்சாக, யாத்தே, அம்புட்டுச் சில்லுன்னு இருக்கு. வளையலப் போடாம என்னைய உள்ளறைக்குக் கூட்டிட்டுப் போயி, காஞ்ச துணிய மடிச்சு வைக்கச் சொல்லி, செத்த நேரம் படுக்க வச்சு, பெறகு எந்திரிச்சு இருமச் சொன்னாக. துணி தொப்பலா நனைஞ்சிருச்சு. மோந்து பாருன்னாக, மூத்திர வாடையே இல்ல.

"இது பனிக்குடத் தண்ணி. நானும் மூத்திரம்னுதேன் இருந்துட்டேன். நீ இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ தாயி."

கூத்தக் கேளுங்க, சாப்பாட்டுக்கு இலை போட்டாச்சு, ஆனா ஒருத்தரும் மறுபேச்சுப் பேசல. எங்க ஆளுக அந்தக்காவ மாப்பிள்ளை வீட்டு ஒறவுன்னு நெனச்சாக, மாப்பிள்ளை வீட்டாளுக எங்க வீட்டு ஒறவுன்னு நெனச்சாக, சம்பந்தி பக்கம் சொன்னதத் தட்டுனா மரியாதையா இருக்காதுன்னு என்னைய அதே காருல ஏத்திட்டாக. வாசல்ல நின்ன அந்தக்காவுக்குச் சேலை பின்னாடி பூராம் ஈரம். ஈரத்துல எங்கிட்டாச்சும் உக்காந்திருப்பாகன்னு விட்டுட்டோம்.

மதுரையில டாக்டரம்மா லைட் அடிச்சுப் பார்த்து, இருமச் சொல்லி, வந்த தண்ணியில ஒரு செவப்புத் தாள வச்சாக, அது நீலமா மாறிருச்சு. பனிக்குடந்தான் ஒடஞ்சிருக்கு, இன்னும் வீட்டுலயே இருந்திருந்தா கிருமி ஏறி ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னாக. ட்ரிப் ஏத்தி மறுநா எம் மக பொறந்தா.

அந்தக்காவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்னு விசாரிச்சா, உங்க ஆளில்லையா, உங்க ஆளில்லையான்னு ரெண்டு வீட்டாளுகளும் மாத்தி மாத்திக் கேக்குறாக. அக்கம்பக்கத்துலயும் யாருக்கும் தெரியல. எனக்குப் பயமே இல்ல தம்பி, யாரு பெத்த மகராசியோ, தெனமும் கும்புடுறேன்.

எம் மகளுக்கு வளைகாப்பு வச்சப்ப, செவத்தோரமா அவுகளுக்குன்னு ஒரு புதுப் பாய விரிச்சு வச்சு, ஒருத்தரையும் உக்கார விடல. சாயங்காலம் சுருட்டப் போனா நடுவுல நனைஞ்சு கெடக்கு. மோந்து பார்த்தேன், வாடையே இல்ல. அவுகளுக்கு இன்னும் அந்தத் தண்ணி நிக்கல போல தம்பி, அத நெனச்சாத்தான் எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிருது.