ஸ்பெயினுக்கு ஒப்புக்கொடுத்த செபமாலை

ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்று சாந்தோம் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே யார் ஜெயிக்க வேண்டும் என்பதில் எங்கள் தெருவுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் சொல்லிவிட்டார்: அந்த நாடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, ஆட்சியில் இருக்கிற கூட்டம் கோயில்களைக் கொளுத்துகிறது, எதிர்த்து நிற்கும் தளபதி வேதத்தைக் காப்பாற்றுகிறார். போதாதா? அன்று சாயங்காலமே என் மாமியார் தெருப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, தளபதியின் வெற்றிக்காகச் செபமாலையை ஒப்புக்கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் செபமாலையை வெறுமனே சொல்வதில்லை. இன்ன காரியத்துக்கு என்று முதலில் வாய்விட்டுச் சொல்லி, அதை மாதாவின் கையில் கொடுத்துவிட வேண்டும். காய்ச்சலுக்கு, பிரசவத்துக்கு, வலையில் மீன் விழுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் கொடுப்போம். என் மாமியார் ஒப்புக்கொடுத்தால் பலிக்கும் என்று தெருவில் ஒரு பேர் உண்டு. ராயப்பேட்டைச் சந்தையில் மீன் கூவி விற்ற குரல் அது. மாதாவுக்குக் கேட்காமல் போக வழியே இல்லை.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தேன். அங்கே வரும் பேப்பரைப் படிப்பேன். அதனால் வீட்டில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். திமிர் இருந்தது நிஜந்தான். பேப்பரிலோ வேறு கதையும் இருந்தது. இரண்டு வெளிநாடுகள் தளபதிக்கு விமானங்களும் சிப்பாய்களும் அனுப்பிக்கொண்டிருந்தன. இன்னொரு நாடு அரசாங்கத்துக்கு டாங்கிகள் அனுப்பியது. நம்மை ஆண்ட வெள்ளைக்காரன், நான் இதில் தலையிடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குப்பத்தில் அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் பக்கத்துத் தெருக்காரன் துடுப்போடு உள்ளே புகுந்து தன் சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்வானே, அப்படித்தான் எனக்குப் பட்டது. மாமியாரிடம் சொல்லியும் பார்த்தேன்.

"பேப்பர்ல போட்டவன் பூசைக்குப் போறவனா?" என்று கேட்டார்.

என் கணவர் கல்யாணமான கையோடு கப்பலேறியவர். வெள்ளைக்காரனுடைய சரக்குக் கப்பலில் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. எங்கேயோ கோதுமை ஏற்றப் போகிறார்கள் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு மத்தியானம், அவரோடு வேலை பார்த்த ஒருவர் வீடு தேடி வந்தார். காய்ச்சல் கண்டதால் இவரை நடுவழியில் இறக்கி வேறு கப்பலில் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். மாமியார் கொடுத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"கோதுமையோட ஸ்பெயினுக்குப் போய்க்கினு கீது கப்பலு. அந்தத் தளபதி பக்கம் இல்ல, எதிர்ப் பக்கத்துத் துறைமுகத்துக்கு. அங்க வர்ற கப்பல் மேலல்லாம் பிளேன்ல வந்து குண்டு போடறானுங்கோ."

"யாரு போடறது?" என்றார் மாமியார்.

"தளபதி ஆளுங்கதான். வெளிநாட்டுக்காரன் குடுத்த பிளேனு."

மாமியார் கையில் இருந்த சொம்பைக் கீழே வைக்கவும் மறந்து என்னைப் பார்த்தார்.

"இத்தினி நாளா எம்புள்ள தலையில குண்டு போடச் சொல்லியாடி நான் மாதாவ கெஞ்சிக்கினு இருந்தேன்?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். சாமியார் அறை வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"சாமி, நான் ஒப்புக்குடுத்த செபமாலையெல்லாம் திருப்பிக் குடுத்துடச் சொல்லு மாதாகிட்ட!"

விஷயத்தைக் கேட்ட சாமியார் திகைத்துப்போனார். "அதெப்படியம்மா? ஒப்புக்கொடுத்தது கொடுத்ததுதான்."

"நான் வித்த மீனையே வேணான்னு வந்தா திருப்பி வாங்கிக்கறேன். மாதாவுக்கு இன்னா கஷ்டம்?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். சாமியார் கெட்ட மனிதரில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "தளபதியின் வெற்றி வேறு, உன் மகனின் உயிர் வேறு. மகனுக்குத் தனியாகச் செபம் சொல்லேன்."

"எப்டி சாமி வேற? குண்டு ஒண்ணுதானே?"

நாளைப் பூசையை அவனுக்காக வைக்கிறேன் என்று மட்டும் சாமியார் சொன்னார்.

சாயங்காலம் பெண்கள் வழக்கம்போல் கூடினார்கள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அந்தத் துறைமுகத்துல கீற அல்லாருக்கும். கப்பல்ல கீறவன், கரையில கீறவன், கோயில கொளுத்தினவன், கொளுத்தாதவன், அல்லாரும் உசுரோட இருக்கணும் தாயே."

கொளுத்தினவனுக்கெல்லாம் எங்களால் முடியாது என்று பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். தெருவின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, பழையபடி தளபதிக்கே சொன்னார்கள். மாமியார் குரலை இன்னும் உயர்த்தினார். செபம் என்றாலே தலைவலி என்று நழுவுகிற நான் அன்று அவர் பக்கத்தில் முழந்தாளிட்டேன். அவரை எனக்கு மனதாரப் பிடித்துப்போனது அன்றுதான்.

அதன்பிறகு அவ்வப்போது ஏதோ ஒரு கப்பல் எரிந்தது என்று பேப்பரில் வரும். கப்பலின் பெயர் இருக்காது. நான் அதை வீட்டில் சொல்லமாட்டேன். எழுந்து போன பெண்களோ ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். எல்லாருமே கடலுக்கு ஆளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தானே.

ஒரு காலையில் என் கணவர் துறைமுகத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். தோளில் பெரிய தழும்பு. கப்பல் ஸ்பெயின் கரையில் நிற்கும்போதே குண்டு விழுந்ததாம். தண்ணீரில் விழுந்தவரை அந்த ஊர்க்காரர்கள் தூக்கிப் போய், காயத்துக்குக் கட்டுப் போட்டு, தங்கள் பங்கு ரொட்டியைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"கோயில கொளுத்தினது அவங்கதானா?" என்றார் மாமியார்.

"தெரியலம்மா. எனக்கு ரொட்டி குடுத்தாங்கோ."

சாப்பிட்டு முடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். இன்னொரு கப்பல் கோதுமையோடு அங்கே போகிறது, பேர் கொடுக்கப் போகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்தில் குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தேன்.

"உசுரோட வந்தது போதாதா? இன்னா எழவுக்கு மறுபடியும்?"

"மூட்டையில இருந்து சிந்தறத புள்ளைங்கோ வந்து பொறுக்கும்மே. வூட்டுல ஒண்ணுமே கிடையாது அதுங்களுக்கு. அல்லாரும் துப்பாக்கிய அனுப்பறானுங்கோ. சோத்த யாராவது எடுத்துக்கினு போவணும்ல?"

நான் மாமியாரைப் பார்த்தேன். மாதாவிடமே சண்டைக்குப் போனவர், இவரை விட்டுவிடவா போகிறார்? நிலைப்படியில் குறுக்கே படுத்தாவது தடுத்துவிடுவார் என்று நம்பி, நான் அழுகையை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அவர் மகனின் தோளில் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, பரணிலிருந்து ஒரு பானையை இறக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"ஏண்டா, அந்த ஊரு புள்ளைங்கோ கருவாடு துன்னுமா?"