மூடிக்கு எழுதிய நோட்டு

பெரியப்பா மகள் அக்காவைக் கட்டியவர், எனக்கு மச்சான் முறை. கல்லூரியில் ஹால் சாவி அவரிடம்தான். வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் அங்கே பேச்சு நடக்கும். ஒரு வாரம் ஆற்றைப் பற்றி, ஒரு வாரம் சண்டை வேண்டாம் என்று. பிள்ளைகள் டப்பாவைத் திறந்து தின்றுகொண்டே கேட்கும். போகும்போது பாதிப் பிள்ளைகள் மூடியை விட்டுவிட்டுப் போகும்.

மச்சானுக்கு யார் பேரும் தெரியாது. கதவோரம் நின்று நோட்டில் எழுதிக்கொள்வார்: ‘ரெண்டாம் வரிசை மஞ்சச் சட்டை. ஜன்னலோரம் சிரிக்காத பொண்ணு.’ மறுநாள் ஆளைப் பார்த்து மூடியைக் கொடுப்பார்.

ஒருநாள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக் கழிவு வாய்க்காலில் கலப்பதைப் பற்றிப் பேச்சு. மறுநாளே அங்கே வந்திருந்த நாலு பிள்ளைகள் வீட்டுக்கு ஆபீஸிலிருந்து மிரட்டல் போன். யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பேச்சு நடத்துகிற வேதியியல் டீச்சர் நேரே வந்து நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

“என்னண்ணே இது?”

“மூடிக்கும்மா.”

“ஆள் அடையாளமால்ல எழுதியிருக்கு?”

“மூடிக்கு ஏதும்மா மூஞ்சி?”

அவள் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு மச்சான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுபோகும். அக்காவுக்கே சந்தேகம். “நிஜத்தைச் சொல்லுங்க, ஆபீஸ்ல ஏதாவது தர்றாங்களா?”

“தந்தா உனக்குத் தெரியாம எங்கடி ஒளிப்பேன்?”

இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் மேலாளர் கூப்பிட்டார். “நோட்டு எழுதறீங்களாமே? வாராவாரம் இங்கயும் காட்டிட்டுப் போங்க. ஹால் வேலை உங்களுக்கே இருக்கணும்ல?”

மச்சான் தலையாட்டிவிட்டு வந்தார். அப்போதுதான் பொறி தட்டியது. நேராக டீச்சரிடம் போனார்.

“நோட்டைப் பத்தி யார்கிட்டம்மா சொன்னீங்க?”

“யார்கிட்டயும் இல்ல. கூட இருந்து நடத்தறவங்க மூணு பேர்கிட்ட மட்டும்.”

“ஆபீஸுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவள் முகம் மாறியது.

அன்றே மச்சான் நோட்டை அடுப்பில் போட்டுவிட்டார். மேலாளர் கேட்டபோது, “எரிச்சுட்டேன் சார்” என்றார். மறுவாரம் ஹால் சாவி வேறு கைக்குப் போனது. இவரை சைக்கிள் நிறுத்துமிடத்தில் போட்டார்கள்.

பேச்சு இன்னும் நடக்கிறது. அந்த மூன்று பேரும் முன்வரிசையில்தான் உட்காருகிறார்களாம். டீச்சர் பேசும்போது ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாளாம். ஹால் மூலையில் மூடிகள் கேட்பாரற்றுக் குவிந்து கிடக்கின்றன.