அக்காவின் ஆய்வேட்டில் நான் சொன்ன பொய்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, கருமக்கிரியை அன்றே என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நாற்காலி அடுக்க வேண்டும் என்று சொல்லி நான் நழுவிவிட்டேன். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். பிழைகளை என் மகள் திருத்தினாள்.

அக்கா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா எனக்கு நான்கு வயது மூத்தவர். நான் ஆறாம் வகுப்பு முடித்த ஆண்டில் அப்பா தவறினார். வேலைக்கு ஆள் இல்லாத குடும்பம், தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டும். அம்மாவால் தனியாக அத்தனை மரங்களை வெட்டி முடிக்க இயலாது. பால் வாளி தூக்க இன்னொருவர் வேண்டும். அக்கா அப்போது ஆறாம் வகுப்புக்கு மேலான இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருந்தார்.

"அவ படிச்சிக்கிட்டு இருக்கா. நீ பெரிய பள்ளிக்கூடம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நீ வாடா" என்றார் அம்மா.

முடிவு அவ்வளவுதான். மறுநாள் முதல் நான் மரத்துக்குப் போனேன். காலையில் பள்ளிப் பேருந்து தோட்டத்துச் சாலையில் போகும். நீலப் பினஃபோர் சீருடையில் சன்னலோரம் அமர்ந்திருக்கும் அக்கா என்னைப் பார்த்துக் கையசைப்பார். நான் மரத்துக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

அக்கா ஐந்தாம் படிவம் முடித்து, ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது குனோங் ராபாட்டில் வீடு பார்த்து எங்களை அழைத்து வந்தவர் அவர். அம்மாவைக் கடைசிவரை குளிப்பாட்டியவர் அவர். டயர் கடையில் எனக்கு வேலை கேட்டுப் போய் நின்றவரும் அவர்தான். அக்காவின் நற்குணங்களை எழுத இன்னும் பல பக்கங்கள் வேண்டும். எழுத எழுத எனக்குள் ஏதோ கசக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் அக்கா வேலையை விட்டுவிட்டு, காம்பாரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கலையும் பொருளாதாரமும் சேர்ந்த கூட்டுப் பட்டம். நான்கு ஆண்டுப் படிப்பு. கலையில் வரலாற்றை எடுத்துக்கொண்டார். ஒன்று போதாதா, இரண்டு கேட்கிறதா என்று நான் உள்ளுக்குள் எரிந்தேன். மாணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே அவர் சந்தைக்குப் போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உடன் படிக்கும் பிள்ளைகள் "ஆன்டி, ஆன்டி" என்று தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். முதலாண்டில் ஒரு தேர்வில் அவர் தோற்றுவிட்டார். அன்று மாமாக் சாப்பாட்டுக் கடையில் எனக்கு ரொட்டி சானாய் இரண்டு கூடுதலாக இறங்கியது.

ஒரு ஞாயிறு என் வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு, 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்றை விளக்கினார்.

"ஒண்ண எடுத்துக்கிட்டா இன்னொண்ணு விட்டுப்போகுதுல்ல? அந்த விட்டுப்போனதுதான் எடுத்துக்கிட்டதோட உண்மையான வெல."

"அப்ப உன் படிப்போட வெல நான்தானேக்கா?" என்றேன்.

அக்கா புத்தகத்தை மூடினார். "ஆமாடா தம்பி" என்றார். மீன் சாப்பிடாமலே போய்விட்டார். நான் அவர் பங்கையும் சாப்பிட்டேன்.

நான்காம் ஆண்டில், படித்த இரண்டு துறையையும் சேர்த்து ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். எங்கள் தோட்டத்தின் வரலாற்றையும், தோட்டம் போனபின் அந்தக் குடும்பங்கள் பிழைத்த விதத்தையும் அக்கா எடுத்துக்கொண்டார். எங்கெங்கோ சிதறிப்போனவர்களைத் தேடித் தேடிக் கேள்வித்தாளோடு போனார். ஒருநாள் என் வீட்டுக்கும் வந்தார். துணைக்கு உடன் படிக்கும் ஒரு சீனப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். சோபாவில் அமர்ந்து என்னையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வியர்த்தது.

"கல்வித் தகுதி?" என்று அக்கா கேட்டார்.

"மூன்றாம் படிவம்" என்றேன்.

அக்காவின் பேனா நின்றது. பிறகு எழுதியது. அந்தப் பெண் காருக்குப் போனதும் அக்கா வாசலில் நின்றார்.

"என்னடா இது?"

"நீ கேட்ட, நான் சொன்னேன்."

"சரி லா. ஆளுங்க சொல்றத அப்படியே எழுதணும், அதான் முறை. நானா மாத்தக்கூடாது. நீயா சொன்னா மாத்துறேன்."

நான் சொல்லவில்லை. அடுத்த சில மாதங்களில் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்தே மீதியை எழுதி முடித்தார்.

"நாளைக்கு பைண்டிங் குடுக்கப் போறாங்க தம்பி. உன் தாள்ல எதுவும் திருத்தணுமா?"

"ஒண்ணுமில்லக்கா."

"நெசமாவா?"

"எத்தன தடவக்கா கேப்ப? அதான் சொல்றேன்ல."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தேர்வு முடிவு வருமுன்பே எங்களைவிட்டுப் போனார்.

பட்டமளிப்பு விழாவில் அக்காவின் பட்டத்தை வாங்கிக்கொள்ளக் குடும்பத்தில் ஒருவரை மேடைக்கு அழைத்தார்கள். மகள் டை கட்டிவிட, அவளோடு நான் போனேன். அக்காவின் பெயரைச் சொன்னதும் மண்டபமே எழுந்து கைதட்டியது. அத்தனை பேரும் அக்காவுக்காக எழுந்தவர்கள். அது தெரிந்தும், மேடையின் நடுவில் சில நொடிகள் அந்தக் கைதட்டலை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு இனிப்பாக எதுவும் என் வாழ்வில் இருந்ததில்லை. கீழே இறங்கியபின் பட்டச் சுருளை மகளிடம் கொடுத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன்.

வீட்டுக்கு வந்தபின், ஆசிரியை பார்த்துத் திருப்பிக் கொடுத்திருந்த ஆய்வேட்டு வரைவை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். அதன்படி எங்கள் லயத்தில் என் வயதுப் பையன்களில் ஒருவர்கூட இடைநிலைப் பள்ளிக்குப் போகவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் நான். ஓரத்தில், அக்காவின் ஆய்வை வழிநடத்திய அந்த ஆசிரியை பென்சிலில், "இவரால் மட்டும் எப்படி முடிந்தது?" என்று கேட்டிருந்தார். அக்கா அதற்குப் பதில் எழுதவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தன் ஆய்வில் ஓர் ஓட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

நான் ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். எழுதியவர் இல்லாத நிலையில் இனி மாற்ற முடியாது என்றார். இம்மலரில் ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேட்டின் அருகில் வைக்க மட்டும் ஒப்புக்கொண்டார். அவருக்கு முதல் நன்றி. வார்டுக்கே குறிப்புகளைக் கொண்டுவந்த மாணவப் பிள்ளைகளுக்கும், தாதியருக்கும், முறைவைத்துக் காரில் அழைத்துப் போன அண்டை வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுத மகள் சொன்னாள். தீரவில்லை. இதை எழுதும் இந்த நேரத்திலும், இதை அக்கா எழுதியிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

அக்கா, நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: ஆறாம் வகுப்பு. நானாகத்தான் சொல்கிறேன். மாற்றிக்கொள்.