பாறை மேல் ஒரு பட்டன் போன்

போன வாரம் நான் சிறை வார்டன் வேலை பார்த்தேன். கைதிகள் மூன்று பேர். மூவருமே என்னைவிடப் பெரியவர்கள், அவரவர் ஊரில் மரியாதைக்குரியவர்கள். சிறை இருந்த இடம் கொல்லிமலை. அவர்கள் கையில் போன் சிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு இட்ட பணி.

சிரிக்காதீர்கள். இதைவிடச் சிரமமான வேலையை நான் பார்த்ததில்லை.

தற்கொலைத் தடுப்பு உதவி எண் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மனசு தாங்காத நேரத்தில் கூப்பிட்டால் மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்கும். மலைக்குக் கீழே எங்கள் ஊரில் அப்படி ஒரு மையத்தைத் தலைமையேற்று நடத்துகிறவள் என் அக்கா சுகந்தி. தன்னார்வலர்களைத் தேடிப் பிடிப்பது, பயிற்சி கொடுப்பது, சிக்கலான அழைப்பு வந்தால் பின்னால் நின்று கைகொடுப்பது – எல்லாம் அவள்தான்.

அதில்தான் வம்பு. கொஞ்ச மாதமாக அவளுக்குத் தூக்கமே இல்லை. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் போன். கோயிலில் சாமி கும்பிடும்போது இடுப்பில் போன். மருத்துவர் கண்டிப்பாக ஓய்வு எடுக்கச் சொன்னார். இவள் அவரிடமே, "நான் இல்லாத நேரம் ஒருத்தர் கூப்பிட்டு, யாரும் எடுக்கலீன்னா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். அவரிடம் அதற்கு மாத்திரை இல்லை.

அக்காவின் கணவர் – எங்கள் மாமா – ஒரு திட்டம் போட்டார். வெளியூர்களில் இதே மாதிரி மையம் நடத்தும் இரண்டு தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு மலையில் ஒரு கூட்டம். பேசுபொருள் – 'பிறரைக் கவனிக்கிறவரை யார் கவனிப்பது?' கூட்டம் என்று சொன்னால்தானே அக்கா வருவாள்? ஓய்வு என்றால் வரமாட்டாளே! வண்டி கிளம்பும்போது மாமா என்னை ஓரமாக இழுத்து, "மாப்ள, ரெண்டு நாள் அவ கையில போன் படாம பார்த்துக்குங்க. அவ தூங்குனா போதும்" என்றார். சொல்லும்போது அவர் குரல் சரியில்லை. அதனால் மறுக்க முடியவில்லை.

அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலைப்பாதை வளைவுகள் ஆரம்பித்ததும் நான் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தேன். வண்டிக்குள் ஒரே அமைதி. ஏன்? உள்ளே இருந்த மூவருமே அடுத்தவர் பேசட்டும் என்று காத்திருக்கும் ஆட்கள். அக்கா, ஓய்வுபெற்ற மனநல மருத்துவர் பரமசிவம், கடலோர ஊரிலிருந்து வந்த ஸ்டெல்லா மேடம்... மூவரும் ஆயுள் முழுக்கக் காது கொடுத்தே பழகியவர்கள். யாராவது பேசித்தானே ஆக வேண்டும்? நான் பேசினேன்.

என் வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை. குறுக்கே பேசவில்லை. அறிவுரை சொல்லவில்லை. "ம்... அப்புறம்?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். பாதி மலை ஏறுவதற்குள், என் மனைவி என் சட்டைகளைக் கேட்காமல் தானம் செய்வது முதல் பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அடித்தது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிறகு காலைச் சாப்பாட்டையும் கொட்டினேன். அப்போதும் அவர்கள் அவசரப்படுத்தவில்லை. ஸ்டெல்லா மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

தங்கல், மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில், பெரியசாமி அண்ணன் வீட்டில். மிளகும், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கும் விளைவிக்கிறவர். பக்கத்தில் வெளியாட்கள் தங்க இரண்டு அறை கட்டிவிட்டிருக்கிறார். அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. இருந்தாலும் மாமா சொல்லைத் தட்டாமல் எல்லாப் போன்களையும் வாங்கி ஒரு தூக்குப்போசியில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்.

முதல் நாள் வகுப்பு அக்காவுடையது. என்ன கம்பீரம்! 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று சொல்கிறவரை லேசில் விடாதீர்கள், சும்மா யாரும் அந்த எண்ணைத் தேடி எடுப்பதில்லை என்றாள். உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்ற ஆறுதல்தான் வரும் என்றாள். மையத்து ஆட்கள் யாரும் சோதித்துப் பார்க்கிறேன் என்று உதவி எண்ணுக்குக் கூப்பிடவே கூடாது, அது கூப்பிடுகிறவர்களுக்கான வழி என்று மேசையைத் தட்டிச் சொன்னாள். கேட்ட கதை வெளியே போகக் கூடாது என்றாள்.

ஒன்றை மட்டும் மெதுவாகச் சொன்னாள். இந்த வேலையில் கதையின் முடிவு நமக்குக் கிடைக்காது. போனை வைத்த பிறகு அந்த ஆள் சாப்பிட்டாரா, தூங்கினாரா... தெரியாது. மற்ற இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பெரியசாமி அண்ணனும் வாசல்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்தது கூத்து. அக்காவின் கை நொடிக்கொரு தரம் இடுப்புக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. ஸ்டெல்லா மேடம் ஆட்டுக்கழுத்து மணிச் சத்தத்துக்கு எழுந்து ஓடினார். டாக்டர் மூக்குக் கண்ணாடிக் கூட்டைக் காதில் வைத்து 'ஹலோ' சொன்னதை நான் என் கண்ணால் பார்த்தேன். கேட்டால் மூவரும் ஒரே மாதிரி சொன்னார்கள் – மனசு லேசாக இருக்கிறதாம், போன் ஞாபகமே இல்லையாம்!

சரி, வார்டன் மட்டும் யோக்கியமா? நான் வாராவாரம் பத்தி எழுதும் பத்திரிகையின் ஆசிரியரிடம் எனக்கும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தது. மெதுவாகப் பெரியசாமி அண்ணனிடம் போனேன். தோட்டத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அங்கே தன் போனுக்கு மட்டும் சிக்னல் எடுக்கும், கிழங்கு ஏற்ற லாரி கேட்க விடியற்காலையில் தான் அங்கேதான் போவதாகச் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சொல்லமாட்டேன் என்றார்.

விடிந்தும் விடியாமலும் பனிக்குள் கிளம்பினேன். பலாமரத்துப் பக்கம் போனால் மரத்துக்குப் பின்னால் ஒரு உருவம். டாக்டர்! காற்று வாங்க வந்தாராம். கொஞ்சம் மேலே போனால் சால்வை போர்த்திக்கொண்டு ஸ்டெல்லா மேடம். வாக்கிங்காம். செருப்புகூட இல்லாமல் வாக்கிங்! மூவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பாறைக்கு ஏறினால்... உச்சியில் பெரியசாமி அண்ணன், அவர் பக்கத்தில் அவருடைய பட்டன் போனைப் பிடித்துக்கொண்டு என் அக்கா.

"ஏனுங்க, எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கீங்களே, அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றேன் கோபமாக.

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு நேத்து அம்மாதானுங்க பாடம் எடுத்தாங்க" என்றார் அவர்.

சிரிப்பை அடக்கப் பார்த்தோம், முடியவில்லை. டாக்டர் பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் அக்கா எண்ணை அழுத்திவிட்டாள். எந்த எண்? அவளுடைய சொந்த உதவி எண். மேசையைத் தட்டித் தடை போட்டாளே, அதே எண்! தான் இல்லாத நேரத்தில் எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். அந்தப் போனில் காதில் வைத்துக் கேட்கும் வசதி எப்போதோ கெட்டுவிட்டது. ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். மலைக்கே கேட்டது.

இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்கள்.

"வணக்கங்க. சொல்லுங்க, கேட்டுட்டு இருக்கறேன்."

இளம்பெண் குரல். அக்கா பயிற்சி கொடுத்த புதுப்பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அக்கா வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. போனை வைக்கவும் மனசில்லை. மறுமுனை அவசரப்படவில்லை. மெதுவாக இருங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

"ஒண்ணுமில்லம்மா... சும்மாதான் கூப்பிட்டேன்."

செத்தோம் என்று நினைத்தேன். அந்தச் சொல்லைச் சொன்னவரை லேசில் விடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே இவள்தானே? அந்தப் பெண்ணும் விடவில்லை. சும்மா பேசவும் நேரம் இருக்கிறது என்றாள். அந்தக் கரகர போனில் அக்காவின் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை போல. நான்தான் சுகந்தி மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் சொன்னால் தன் சட்டத்தைத் தானே மீறியது மையம் முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா திருதிருவென்று எங்களைப் பார்த்தாள். ஸ்டெல்லா மேடம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் அடுத்த பாடத்தையும் ஒப்பித்தாள். நேராகவே கேட்டாள். உயிரை விடும் நினைப்பு ஏதாவது வருகிறதா என்று.

"இல்ல கண்ணு, அதெல்லாம் இல்ல. தூக்கந்தான் வரல" என்றாள் அக்கா. சொன்னதும் பதறிவிட்டாள். "வேற யாராச்சும் கூப்பிடுவாங்க சாமி, நான் வெச்சுடறேன்."

"அவங்களை எடுக்க இங்க வேற ஆளுங்க இருக்கறாங்க. இது உங்க நேரமுங்க."

அக்கா அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓய்வெடு என்று ஊர் மருத்துவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. மாமா சொன்னதைக் கேட்கவில்லை. நான் சொன்னதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டதில்லை. எடுக்க வேறு ஆள் இருக்கிறது என்பதை அவள் மையத்திலிருந்தே ஒரு குரல் சொன்னதும் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாத அழுகை. டாக்டரும் ஸ்டெல்லா மேடமும் எங்களுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார்கள். அடுத்தவர் அழைப்பைக் கேட்கக் கூடாது அல்லவா? பெரியசாமி அண்ணனும் திரும்பிக்கொண்டார். திரும்பாதவன் நான் ஒருவன்தான். தம்பி ஆயிற்றே.

அக்கா பேசினாள். பல வருஷத்துக்கு முன்னால், மகள் விசேஷத்தன்று, மண்டபத்துச் சத்தத்தில் ஒரு அழைப்பை எடுக்காமல் விட்டுவிட்டாளாம். திருப்பிக் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. யார், என்ன ஆனார்... ஒன்றும் தெரியாது. மாமாவுக்கே தெரியாத கதை இது. நல்லதாகவே முடிந்திருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து போன் அடிக்காத நேரத்திலும் அடிக்கிற மாதிரியே இருக்கிறது என்றாள்.

நானாக இருந்தால் 'அதையெல்லாம் மறந்துடுக்கா' என்று ஒரு மண்ணாங்கட்டி அறிவுரை சொல்லியிருப்பேன். அந்தப் பெண், "இத்தனை வருஷமா அதை ஒருத்தராவே தூக்கிட்டு இருந்திருக்கீங்க" என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். வெயில் பாறைக்கு ஏறும்வரை இருவரும் பேசினார்கள். கடைசியில் அக்கா சிரித்தாள். நல்ல உரத்த சிரிப்பு. மறுபடி பேச வேண்டும் போலிருந்தால் கூப்பிடுவீர்களா என்று அந்தப் பெண் கேட்டதற்குக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பிறகு டாக்டர் திரும்பாமலே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சுகந்தி, அந்தப் பொண்ணு டியூட்டி எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டார்.

"நான்தான் முதல்ல கேட்கலாம்னு இருந்தேன்" என்றார் ஸ்டெல்லா மேடம்.

ஊருக்கெல்லாம் காது கொடுத்தவர்கள், பட்டன் போனுக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை கட்டியதைப் பார்த்துப் பெரியசாமி அண்ணன் லாரியை மறந்தே போனார். என் ஆசிரியர் எனக்கும் ஞாபகம் வரவில்லை. சாவியை டாக்டர் கையில் கொடுத்து வார்டன் பதவியை ராஜினாமா செய்தேன்.

இதுவரை நடந்ததை எழுதுகிற எண்ணம் எனக்கு இல்லை. கேட்ட கதை வெளியே போகக் கூடாது என்ற சட்டம் எனக்கும் தெரியும். ஆனால் முந்தாநாள் அக்காவே கூப்பிட்டாள். மையத்து வாராந்திரக் கூட்டத்தில் அந்தப் பெண் ஒரு சந்தேகம் கேட்டாளாம். ஒரு அம்மா பேசினார்கள், பெயர் கேட்கவில்லை, சரியாகத்தான் பேசினேனா தெரியவில்லை, அவர் தூங்கினாரா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று சொன்னாளாம். மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா, தன் சட்டம் தன்னையே கட்டிப்போட, "சரியாத்தான் பேசியிருக்கறே கண்ணு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"நீ எழுதிருடா. அவ வாரா வாரம் உன் பத்தியைப் படிக்கறாளாம்" என்றாள் என்னிடம். சட்டத்தை மீறினது தெரிந்துவிடுமே என்றேன். தெரியட்டும் என்றாள்.

ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்கவும். கடைசி வரி ஒரே ஒருவருக்கு. மனசு கனக்கிற நேரத்தில் நீங்களும் அப்படி ஒரு குரலைக் கூப்பிடத் தயங்காதீர்கள் என்பதோடு உங்களுக்கான வரி முடிந்தது.

தங்கச்சி... அந்த அம்மா தூங்கினாங்க. பாறையிலிருந்து இறங்கிப் போய்ப் படுத்தவங்க, களி ஆறிப்போய், மத்தியான வகுப்பும் முடிஞ்சு, ஆடு பட்டிக்குத் திரும்பற வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல – அந்தக் குறட்டைக்கு நான் சாட்சி.