புருவம் தூக்கினால் இல்லை

பெய்ரூத்துக்கு வடக்கே, எங்கள் திரிப்போலியில் மிஸ்பாஹைத் தெரியாதவர்கள் குறைவு. அவனிடம் கோபப்படாதவர்கள் அதைவிடக் குறைவு. முப்பத்தொரு வருடம் தல் சதுக்கத்தில் ஷேர் டாக்சி ஓட்டினான். பயணி ஜன்னலில் குனிந்து ஊர் பெயரைச் சொல்லிக் கேட்பார். போக மனமில்லையென்றால் மிஸ்பாஹ் வாயைத் திறக்க மாட்டான். புருவமும் கண்ணும் மேலே போகும், அவ்வளவுதான். இஷ்டமென்றால் கண் கீழே இறங்கும், ஏறிக்கொள்ள வேண்டியது. இங்கே எல்லோருக்குமே 'இல்லை' மேலே, 'ஆமாம்' கீழேதான். ஆனால் அவன் தூக்குவதில் ஒரு திமிர் இருக்கும். மழையில் நனைந்துகொண்டு நின்ற காஜியையே அப்படித் திருப்பி அனுப்பியவன். வீட்டிலும் அதே கதை. மனைவி நவால் கடற்கரைக்குக் கூப்பிட்டாலும் புருவம், அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டாலும் புருவம்.

நான் அபூ தலால். அதே முப்பத்தொரு வருடம் அவன் வண்டிக்குப் பின்னால் என் வண்டியை நிறுத்தியவன். யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. தர்பூசணியைத் தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. கடைக்காரனே தட்டிக் காட்டினால் வேறு பழம் கேட்பேன்.

ரமலானுக்கு முந்தின வாரம் மிஸ்பாஹின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் துளை, மூக்கில் குழாய், ஒரு விரல்கூட அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து மாதம் அப்படியே கிடந்தான். இரண்டு தடவை மூச்சு நின்று, மெஷின் வைத்து மீட்டார்கள்.

அதுவரை எப்போதாவது எட்டிப் பார்த்த அவன் தம்பி ஃபவாஸ் தினமும் வர ஆரம்பித்தான். எனக்குப் பொறி தட்டியது. மிஸ்பாஹின் வண்டிக்குச் சிவப்பு நம்பர் பலகை. அது இல்லாமல் டாக்சி ஓட்ட முடியாது, புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. மிஸ்பாஹுக்குப் பிள்ளை இல்லை, அவன் போனால் அது தம்பி கைக்குத்தான் வரும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மகனுக்காக எனக்கும் அதன்மேல் ஒரு கண் உண்டு. அதனால்தான் ஃபவாஸின் கண் எனக்கு அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது.

ஒரு வியாழன் மதியம் நான் போனபோது நவால் கையில் ஒரு காகிதம். ஃபவாஸ் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தான். இனி மூச்சு நின்றால் மெஷினில் போட வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம்.

"அவனுக்கு நினைவில்லன்னு யாரு சொன்னா?" என்றேன்.

"டாக்டர் சோதிச்சுப் பாத்துட்டாரு அண்ணே." நவால் என் முகத்தைப் பார்க்கவில்லை. இவளுமா என்று நினைத்தேன்.

டாக்டர் சின்ன வயசு. வளர்ந்ததும் படித்ததும் கனடாவில். இங்கே வந்து மூன்று வாரம்தான். பொறுமையாகவே சொன்னார்.

"கண்ணு மட்டும் மேலயும் கீழயும் அசையுது. ஆமான்னா மேல பாருங்க, இல்லன்னா கீழ பாருங்கன்னு சொல்லிட்டுப் பத்துக் கேள்வி கேட்டேன். உங்க பேரு மிஸ்பாஹா? கீழ. நீங்க பொம்பளையா? மேல. எல்லாமே தப்பு. புரிஞ்சு சொல்ற பதில் இல்ல."

"பத்துமா தப்பு?"

"பத்தும்."

"டாக்டர், ஒண்ணும் தெரியாதவன் குத்துமதிப்பா சொன்னாக்கூட நாலஞ்சு சரியா விழுமே. பத்தும் தப்பாகணும்னா பத்துக்கும் பதில் தெரிஞ்சிருக்கணும்ல? எங்க ஊர்ல மேல பாத்தா இல்லன்னு அர்த்தம்!"

"நான்தான் முதல்லயே சொல்லிட்டேனே, மேலன்னா ஆமான்னு..."

"நீங்க சொன்னீங்க. அவன் என்னிக்கு அடுத்தவன் சொன்னதக் கேட்டான்?"

கட்டிலருகே போய், கார் ஜன்னலில் குனிவதைப் போலக் குனிந்தேன்.

"பெய்ரூத் போவியா?"

கண் மேலே போயிற்று.

"மினா?" அவன் வீடு அங்கேதான். கண் மெல்லக் கீழே இறங்கியது.

"ஃபவாஸ் வீட்டுக்கு?"

மேலே போன வேகத்தில் நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டரும் எங்கள் வழக்கப்படி ஆறு கேள்வி கேட்டார். ஆறும் சரி. அவர் முகம் வெளுத்துவிட்டது. ஃபவாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுதானா, பலகை போச்சே என்று நினைத்தானா, எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

ஆனால் அடுத்த நிமிடமே எனக்கு வேறு பயம் பிடித்தது. ஐந்து மாதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறான். அந்தக் காகிதத்தைப் பற்றியும் கேட்டிருப்பான். அவனே போதும் என்று சொல்லிவிட்டால்?

நவால் அதைத்தான் கேட்கப் போகிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இப்ப வேணாம்மா," என்றேன்.

"அவருகிட்ட கேக்காம வேற யாருகிட்ட அண்ணே கேக்கறது?" காகிதத்தை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "மிஸ்பாஹ், இனிமே மூச்சு நின்னா உன்ன விட்டுடட்டுமா? போறியா?"

கண் அசையவில்லை. சதுக்கத்திலும் அவன் ஆட்களைக் காக்க வைத்துத்தான் பதில் சொல்வான்.

பிறகு கண் மேலே போனது. போய் அங்கேயே நின்றது. புருவம் செத்துக் கிடந்தாலும் அந்தத் திமிர் எனக்குத் தெரிந்தது.

நவால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காகிதம் அவள் கையில் நாலாகக் கிழிந்தது.

"எங்க கூப்பிட்டாலும் இதே புருவம், எத்தன வருஷம் எரிஞ்சிருக்கேன்," என்று அழுதாள். "இந்த ஒரு தடவதான்யா வயித்துல பால வாத்தே."