மஜ்ஜை கொடுக்க வந்த ஏழு அண்ணன் தம்பிகள்

எலும்பு மஜ்ஜை கொடுக்க மனசு மட்டும் போதாது, ரத்தமும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர் ஸ்டெல்லா சிஸ்டர்; தொண்ணூற்றேழில், கோவை ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் புற்றுநோய் வார்டில் நான் ஆயாவாகச் சேர்ந்த வாரம். ரிசல்ட்டுக்காக ஆஸ்பத்திரிப் பெஞ்சைத் தேய்த்தவர்களுக்கு இது புரியும். டாக்டர் சொல்வதை வீட்டாருக்கு விளங்க வைப்பதும் என் தலையில் விழுந்தது.

பொருத்தம்

கிணத்துக்கடவு செந்திலுக்கு இருபத்து நாலு வயது. வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பான் என்றார் டாக்டர். அவன் அம்மா சரசாவிடம், பொருத்தம் பார்க்கோணும், ஊட்டுல சொல்லுங்க என்றேன். மறுநாள் மஞ்சள் பையில் ஜாதகத்தோடு வந்து நின்றார். இது ரத்தத்தில் பார்க்கிற பொருத்தம் என்று விளக்கினேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப செவ்வாய் தோசமெல்லாம் பாக்கமாட்டீங்களாங்க?"

ஒரே கூட்டம்

கூடப் பிறந்தவர்களைக் கூட்டி வாருங்கள் என்று இந்தத் தடவை தெளிவாகத்தான் சொன்னேன். வேனில் ஏழு ஆண்கள் இறங்கினார்கள், சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு. ஒரு வயிற்றில் பிறந்தவர் யார் என்றால் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே குலத்துப் பங்காளிகள்.

டாக்டர் அவர்களைக் கும்பிட்டுவிட்டு, பெற்றவர்களுக்கே பாதிதான் பொருந்தும், சொந்தக் கூடப்பிறப்புக்குத்தான் முழுசாகப் பொருந்த வழி உண்டு, அதுவும் நாலு பேரில் ஒருவருக்குத்தான் என்றார். வந்தவர்களில் பெரியவர் விடவில்லை: "ஒரே கூட்டமுங்க, எங்களுக்குள்ள பொண்ணு கூடக் குடுத்து எடுக்கமாட்டோம். இதுக்கு மேல என்னங்க அண்ணந் தம்பி?"

சம்மதம்

செந்திலுக்கு ஒரே அக்கா, மல்லிகா. கோபியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று சரசா அவள் பேச்சையே எடுக்கவில்லை. ஒருவழியாக வரவழைத்து, ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை நான் வேண்டி வேண்டி முருகனை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

பொருந்திவிட்டது. அப்புறம் ஒரு வாரம் பேச்சு. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுப்பார்கள், சில வாரத்தில் தானாக ஊறிவிடும் என்று மாமனார், மாமியார், வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். கடைசியில் டாக்டர் மல்லிகாவைத் தனியே உட்காரவைத்து, உனக்கு இஷ்டம்தானா, இல்லையென்றாலும் தப்பில்லை என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்: "ரத்தம் எடுத்த அன்னிக்கே நான் ரெடிங்க. ஆரும் கேக்கலைன்னு பேசாம இருந்தேன்."

நானும் கேட்கவில்லை.

சென்னையில் ஏற்றினார்கள். மறு வருஷம் அக்காவுக்கு ஆடிச் சீர் கொண்டுபோனது செந்தில்தான். ரத்தம் ஒத்துக்கொண்டது என்று தெரிந்த பிறகும், கொடுப்பவளுக்கு வாய் இருக்கிறது என்று தெரிய எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று வந்தால், கொடுக்கப்போகிறவளை முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.