தள்ளுபடி வேண்டாத கார்டு

பேச்சு நின்றுபோன இரண்டு பேருக்கு நடுவில் உறவு என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இல்லை என்றால் வலிக்கக் கூடாது. இருக்கிறது என்றால் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரிய வேண்டும். ஸ்தனிஸ்லாஸின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டபடியே ஏழு வருடம் நடந்தது. அவரிடம் கேட்டிருந்தால், கேள்வியை விட்டுவிட்டுத் தோட்டத்துப் போர்க் கிணறு எத்தனை அடி என்று விசாரித்திருப்பார்.

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் மோட்டார் பம்பு, பைப்பு விற்கும் கடை அவருடையது. முதலில் அவருக்கும் தம்பி பிரான்சிஸுக்கும் பொதுவான கடை. அண்ணன் கல்லாவில் இருந்தார். தம்பி பைப்பு இறக்கினார், தோட்டங்களுக்குப் போய் மோட்டார் மாட்டினார். அந்த நாளில் ஒரு வங்கிக்காரர் கடை தேடி வந்து கிரெடிட் கார்டு ஒன்றைத் தலையில் கட்டினார். மூலக் கார்டு ஸ்தனிஸ்லாஸ் பெயரில், அதே கணக்கில் இணைப்புக் கார்டு ஒன்று பிரான்சிஸ் பெயரில். செலவழிக்கச் செலவழிக்கப் பாயிண்ட் ஏறும். ஆண்டுக் கட்டணம் வரியோடு 3,540 ரூபாய். ஆண்டில் மூன்று லட்சத்துக்கு மேல் செலவு செய்தால் அந்தக் கட்டணமும் கிடையாது.

பிரிந்தது ஒரு மோட்டாரால். அய்யலூர்ப் பக்கத்திலிருந்து முத்துச்சாமி என்ற விவசாயி வந்திருந்தார். அறுநூறு அடி போர். ஐந்து எச்.பி. போதும் என்றார் அண்ணன். ஏழரை இல்லாமல் தண்ணீர் ஏறாது என்றார் தம்பி. முத்துச்சாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவன் பேச்சக் கேக்காதீக. பைப்பு தூக்குறவனுக்கு மோட்டாரப் பத்தி என்ன தெரியும்?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

பிரான்சிஸ் தோளில் இருந்த பைப்பைக் கீழே வைத்தார். எறியவில்லை, சத்தம் வராமல் வைத்தார். பதினெட்டு வருடம் பைப்பு தூக்கியவர். ஒரு வாரத்தில் பாகம் பிரித்துக்கொண்டு செம்பட்டிக்குப் போய்த் தனிக் கடை போட்டார். சரக்கு பாதி பாதி. ஏணி இரண்டு இருந்ததால் ஆளுக்கு ஒன்று. கார்டை மட்டும் யாரும் பேச்சில் எடுக்கவில்லை. பிரான்சிஸ் திருப்பிக் கொடுக்கவில்லை, ஸ்தனிஸ்லாஸ் கேட்கவில்லை.

ஐந்து எச்.பி. மோட்டார் நாற்பது நாளில் புகைந்தது. முத்துச்சாமி செம்பட்டிக்குப் போய்ப் பிரான்சிஸிடம் ஏழரை வாங்கினார். செய்தி வந்த அன்று ஸ்தனிஸ்லாஸ் முகம் கழுவிக்கொண்டே மனைவி செபஸ்தியம்மாளிடம், "அவன் சொன்னதுதான் சரி" என்றார். சொல்ல வேண்டிய ஆள் அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தார்.

அவரைப் பெருந்தன்மையானவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெருந்தன்மை இருந்திருந்தால் அந்த பஸ்ஸில் ஏறியிருப்பார். பிரான்சிஸும் இறங்கி வரவில்லை. அண்ணன் மகள் ஷைனி கல்யாணத்துக்கு வந்தார், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார், மொய் எழுதினார், போனார்.

கார்டு இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. செம்பட்டியில் டீசல் போட்டால் திண்டுக்கல்லில் ஸ்தனிஸ்லாஸின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். தன் செலவைப் பிரான்சிஸ் மாதா மாதம் நேராகக் கார்டுக் கணக்கிலேயே கட்டிவிடுவார். அதற்கு அண்ணன் நடுவில் தேவையில்லை.

ஆண்டுக் கட்டணம் மட்டும் வேறு. செப்டம்பர் பதினாலாம் தேதி அது ஸ்தனிஸ்லாஸ் தலையில் விழும். பிரிந்த முதல் வருடம், பதினைந்தாம் தேதி காலையில் அவர் போனுக்கு 1,770 ரூபாய் வந்தது. அனுப்பியவர் பிரான்சிஸ். பணத்தோடு ஒரு வார்த்தை எழுத, பணம் அனுப்பும் செயலியில் இடம் உண்டு. அதில் 'பாதி' என்று இருந்தது. அடுத்த வருடமும் அதே தேதி, அதே தொகை, அதே வார்த்தை. ஏழு வருடத்தில் ஏழு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்தன. ஒருவரே பேசிக்கொண்டிருக்கும் உரையாடல் போல இருக்கும். பதிலுக்கு அழுத்தக் கட்டைவிரல் படம் ஒன்று அதிலேயே இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் அதை அழுத்தியதில்லை. ஆனால் அந்தத் திரையை அடிக்கடி திறந்து பார்ப்பார் என்று செபஸ்தியம்மாள் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் வருடம் ஒரு சிக்கல் வந்தது. பிரான்சிஸ் கடைக்குச் சரக்கெல்லாம் கார்டிலேயே எடுக்க, ஆகஸ்டில் இரண்டு பேர் செலவும் சேர்ந்து இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்தைத் தொட்டது. இன்னும் ஒன்பதாயிரம் போனால் கட்டணம் தள்ளுபடி. அந்த வாரம்தான் வீட்டு வாஷிங் மெஷின் நின்றுபோனது. புருஷனும் பெண்சாதியும் ஹாமித் கடைக்குப் போனார்கள். இருபத்திரண்டாயிரத்துக்கு ஒன்றைப் பிடித்தார்கள்.

"கார்டுதான வச்சிருக்கீக? போடுங்கண்ணே, ஆயிரம் ரூபா கழிவு இருக்கு" என்றார் ஹாமித்.

"ரொக்கம் தாரேன்."

"ரொக்கத்துக்குக் கழிவு இல்லண்ணே."

"பரவாயில்ல."

ஹாமித் செபஸ்தியம்மாளைப் பார்த்தார். அம்மாள் கடைக் கூரையைப் பார்த்தார். ஸ்தனிஸ்லாஸ் சட்டைப் பையில் கார்டை வைத்துக்கொண்டு ஏ.டி.எம்முக்கு நடந்தார். அந்த ஆயிரத்தை ஒவ்வொரு முறை துணி துவைக்கும்போதும் செபஸ்தியம்மாள் நினைவுபடுத்துவார். செப்டம்பர் பதினாலில் கட்டணம் வழக்கம்போல் வந்தது. பதினைந்தில் பாதி வந்தது.

இணைப்புக் கார்டின் காலம் முடிந்தபோது புதுக் கார்டு திண்டுக்கல் முகவரிக்குத்தான் வந்தது. அதைப் பதிவுத் தபாலில் செம்பட்டிக்கு அனுப்பினார். உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வைத்தார், ஒட்டுவதற்கு முன் எடுத்துக் கிழித்தார். என்ன எழுதினார் என்று தெரியாது. நீளமாக இருக்க வாய்ப்பில்லை.

இந்த வருடம் வங்கி சலுகைகளைக் குறைத்தது. டீசலுக்குப் பாயிண்ட் இல்லை, விமான நிலையத்தில் இலவச ஓய்வறை இல்லை. அந்த ஓய்வறையை ஸ்தனிஸ்லாஸ் பார்த்ததே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஷைனி ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்புறத்தில் கணக்குப் போட்டார்.

"ப்பா, வருசத்துக்கு மூவாயிரத்து ஐந்நூத்தி நாப்பது குடுக்குற. திரும்பி வர்றது எண்ணூறுகூட இல்ல. எதுக்கு இது?"

"இருக்கட்டும்."

"நாப்பத்தெட்டாயிரம் பாயிண்ட் வேற சும்மா கெடக்கு. அதுல ஒரு மிக்ஸியாவது எடுத்தியா?"

"அதுல பாதி உங்க சித்தப்பாவோடது."

"அப்ப பாதி மிக்ஸி எடு."

செபஸ்தியம்மாள் அடுப்படியிலிருந்து சொன்னார்: "அவன் பேரும் அதுல இருக்குன்னுதான இம்புட்டு வருசமா கட்டி அழுகுறாரு. மூடிப் போடுங்க. அவனும் வேற கார்டு வாங்கிக்குவான். குடியா முழுகிப் போகுது?"

ஸ்தனிஸ்லாஸ் உறையை வாங்கிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. கடைக்காரர் அவர், சரியான கணக்கோடு சண்டை போட அவருக்குத் தெரியாது. போனை எடுத்தார். ஷைனி வங்கியின் எண்ணைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். அன்று செப்டம்பர் எட்டு, ஞாயிறு, பூசை முடிந்து வந்திருந்த நேரம்.

நெடுநேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தார்.

"சார், கார்ட க்ளோஸ் பண்ணா உங்க ஆட்-ஆன், அதான் இணைப்புக் கார்டும் சேந்து க்ளோஸ் ஆயிடும். பரவாயில்லீங்களா?"

ஷைனி அப்பாவின் முழங்கையைத் தட்டினார்.

"ம்" என்றார்.

"க்ளோஸ் பண்றதுக்கு என்ன காரணம் சார்?"

"கட்டணம் அதிகம்னு சொல்றாங்க."

"யார் சார் சொல்றாங்க?"

"வீட்ல."

மறுபடியும் பாட்டு. அந்தப் பெண் திரும்பி வந்தபோது குரலில் ஒரு பண்டிகை இருந்தது.

"சார், நீங்க ரொம்ப வருஷக் கஸ்டமர். உங்களுக்காக ஸ்பெஷலா ஆண்டுக் கட்டணத்த முழுசா தள்ளுபடி பண்றோம். இந்த வருஷம் மட்டுமில்ல, இனி எப்பவுமே கிடையாது. கார்டு அப்படியே இருக்கும், ஆட்-ஆனும் இருக்கும். சந்தோஷமா சார்?"

செபஸ்தியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "மாதாவே! இத மொதல்லயே கேட்ருக்கலாம்ல?" ஷைனி உறையில் எழுதிய கணக்கைச் சந்தோஷமாக அடித்தார். வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது.

ஸ்தனிஸ்லாஸ் போனுக்கு அருகில் குனிந்தார்.

"அப்ப பதினாலாம் தேதி எதுவும் வராதா?"

"ஒரு ரூபா வராது சார்."

"எப்பவுமே?"

"எப்பவுமே சார்."

ஸ்தனிஸ்லாஸ் போனை இன்னும் கிட்டே இழுத்தார்.

"வேணாம்மா" என்றார்.

"கார்டு வேணாமா சார்?"

"கார்டு இருக்கட்டும். தள்ளுபடி வேணாம்."

"சார்... கட்டணம் கட்டுறேன்னு சொல்றீங்களா?"

"ஆமா."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது, நின்றது. "சார், இதுக்கு இங்க ஆப்ஷன் எதுவும் இல்ல சார். இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"நீங்க தள்ளுபடியப் போடலேன்னா கட்டணம் தானா வந்துருமா?"

"வந்துரும் சார்."

"அப்பப் போடாதீங்க."

போனை அணைத்தார். ஷைனி உறையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். செபஸ்தியம்மாள் கரண்டியை ஆட்டி, "ஏங்க, கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? சும்மா தாரேன்னு சொல்றதுக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் நின்றார்.

ஸ்தனிஸ்லாஸ் கையைக் கழுவிவிட்டு வந்து இலை முன் உட்கார்ந்தார். இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டார்.